படமாளிகையின் புத்துயிர்

பழங்கட்டடங்களைப் பேணுதல் வேண்டும் என்று சொல்லும்போது, நம்மவர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன கோயில்களும் கோட்டைகளும் அரசர்தம் அரண்மனைகளுமேயாம். கோபுரம் ஒன்று சிதைந்தால் வருந்துவோர் பலர். கோட்டை மதில் சரிந்தால் செய்தித்தாளுக்கு எழுதுவோர் சிலர். ஆனால் ஊரின் நடுவே நின்று மூன்று தலைமுறை மக்களை மாலைதோறும் வரவேற்ற படக்காட்சிச் சாலை ஒன்று இடிக்கப்படுங்கால், ‘இடம் நல்ல விலைக்குப் போயிற்று’ என்று கூறி அகல்வாரே மிகுதி. களியாட்டுக்கென எழுந்த கட்டடந்தானே, அதனைக் காப்பதால் ஆவது என்னை என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பொருந்துமா என்பதனை ஒரு படமாளிகையின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அம்மாளிகை, இன்று மும்பை எனப்படும் பம்பாய் நகரத்திலுள்ள ராயல் ஆப்பெரா ஹவுஸ். புதுச்சேரியைச் சார்ந்த சாரம் என்னும் பகுதியில் வாழும் யாம் அத்துணைத் தொலைவிலுள்ள கட்டடத்தைத் தேர்ந்தது ஏன் எனின், கூறுதும். நாடகத்துக்கெனப் பிறந்து, படக்காட்சிக்கு ஆட்பட்டு, பின் பூட்டப்பெற்று, 23 ஆண்டுகள் இருளிற் கிடந்து, மீண்டும் விளக்கேற்றப்பெற்ற முழு வரலாறு அதற்கு உண்டு. நம் பக்கத்துப் பழங்கொட்டகைகள் பலவற்றின் வரலாறோ கடப்பாரையோடு முடிந்துபோயிற்று.

அசையும் படம் நம் நாட்டுக்கு வந்த கதையை முதலிற் காண்போம். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், பாரிஸ் மாநகரத்து உணவுச்சாலை ஒன்றின் கீழறையிலே, லூமியேர் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் படங்களைக் கட்டணம் பெற்றுக் காட்டினர். அவை 1896 ஜூலை 7-ஆம் நாளிலேயே பம்பாயில் வாட்ஸன் விடுதியிற் காட்டப்பெற்றன. அக்காலத்தே படத்துக்கெனத் தனி இல்லம் இல்லை. விடுதிக் கூடம், நாடகமேடை, துணிக்கூடாரம் ஆகிய இவற்றில் எது கிடைத்ததோ அதுவே காட்சிச் சாலை.

தமிழ்நாட்டிலும் இவ்வாறே தொடங்கிற்று. கோயமுத்தூரிலே 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலிலிருந்தார். 1905-ஆம் ஆண்டு, ஊர் ஊராகப் படங்காட்டி வந்த டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் அவர் விலைக்கு வாங்கினார். கிறிஸ்து பெருமானின் வாழ்க்கையைக் காட்டும் படமும் அவற்றுள் ஒன்று. அலுவலைத் துறந்து கூடாரத்தோடு நாடெங்கும் சுற்றிய அவர், 1914-இல் கோயமுத்தூரிலே ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான கொட்டகையை எழுப்பினார். அதன் பெயரால் வழங்கும் வீதி இன்றும் அந்நகரில் உண்டு. அதற்கு ஓராண்டு முன்னரே, 1913-இல், சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் ‘எலக்ட்ரிக் தியேட்டர்’ என்னும் சாலையை அமைத்திருந்தார்.

கூடாரம் கொட்டகையாயிற்று, கொட்டகை மாளிகையாயிற்று. மாளிகையானதற்குக் காரணம் யாது? தொடக்கத்தில் படக்காட்சி கீழ்த்தர மக்களின் பொழுதுபோக்கு என்று செல்வரும் கற்றோரும் ஒதுங்கி நின்றனர். அவர்களையும் உள்ளே அழைக்க விரும்பிய முதலாளிகள், நாடகமாளிகைகளைப் போன்று தூண்களும் பளிங்குப் படிகளும் சரவிளக்குகளும் அமைத்துத் தம் சாலைகளை அழகுசெய்தனர். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1927-இல் திறக்கப்பெற்ற ராக்ஸி மாளிகையிலே ஏறத்தாழ ஆறாயிரவர் ஒருங்கே அமரலாம். செல்வரை அழைக்கச் செய்த இவ்வலங்காரம் எளியோருக்கும் பயன்பட்டது. அரண்மனை வாயிலை மிதிக்க இயலாத கூலியாளும் சில காசு கொடுத்துச் சித்திரக் கூரையின்கீழ் மூன்று மணி நேரம் வீற்றிருந்தான். தரை, பெஞ்சு, நாற்காலி என்னும் வேற்றுமை அங்கும் இருந்தது. எனினும் கூரை ஒன்றே, திரையும் ஒன்றே. பொதுமக்கள் தம் சொந்தக் காசால் நுழையக்கூடிய அரண்மனை இதனையன்றி வேறு எது?

நிற்க. இனி ராயல் ஆப்பெரா ஹவுஸின் பிறப்பைக் காண்போம். ஆப்பெரா என்பது மேனாட்டு இசைநாடகம். பம்பாயில் அதற்கென ஒரு மாளிகை வேண்டுமென்று மோரிஸ் பாண்ட்மன் என்னும் நாடகக் குழுத் தலைவரும், ஜஹாங்கீர் பிராம்ஜி கரகா என்னும் பார்ஸி வணிகரும் 1908-ஆம் ஆண்டளவிற் கருதினர். வேலை முடியுமுன்னரே, 1911-இல் இந்தியாவுக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதனைத் தொடங்கிவைத்தார். ‘ராயல்’ என்னும் அடைமொழி அவ்வுறவைக் காட்டுவது. 1912-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே முதற்காட்சி நடைபெற்றது. அன்று மேடையேறியவர் அமெரிக்க மந்திரவித்தைக்காரர் ஒருவர் என்பது வியப்புக்குரியது. இசைநாடகத்துக்கென எழுந்த மாளிகையும் முதல் நாளிலேயே மக்கள் விரும்பியதற்கு இடங்கொடுத்தது போலும்!

அதன் கட்டடமுறை பரோக் எனப்படும் ஐரோப்பிய முறை. வளைவும் சுதைப்பூவும் பொன்முலாமும் செறிந்து கண்ணை ஓய்வின்றி இழுப்பது அம்முறையின் இயல்பு. நடுக்கூடத்தின் மேலே உள்ள குவிமாடத்தை எட்டுப் பகுதிகளாக வகுத்து, உலகத்துப் புலவர்க்கும் நாடக ஆசிரியர்க்கும் வணக்கமாக ஓவியந் தீட்டினர். நுழைகூடத்துச் சரவிளக்குகள் ஸஸூன் குடும்பத்தார் அளித்தவை. மேடையின் இருமருங்கும் செல்வர் அமரும் மாடச் சிற்றறைகள். மேடைக்கு முன்னே இசைக்குழுவினர் அமரும் பள்ளம். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தே, பாடுவோர் குரல் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு சுவரின் வளைவும் கூரையின் வளைவும் அமைக்கப்பெற்றன. அக்கட்டடமே ஓர் இசைக்கருவி எனலாம்.

ஆயினும் மேனாட்டு இசைநாடகம் அங்கு நெடுநாள் நிலைக்கவில்லை. மராத்தி, குஜராத்தி நாடகங்களும் இந்துஸ்தானி இசையும் இடம்பெற்றன; பால கந்தர்வர் போன்றோர் அம்மேடையில் தோன்றினர்; பிருதிவிராஜ் கபூர் தம் நாடகங்களை அங்கே நடத்தினார். இடையிடையே படங்களும் காட்டப்பெற்றன. 1931 மார்ச் 14-ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் சாலையில் ‘ஆலம் ஆரா’ என்னும் பேசும்படம் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரலில் தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ வெளிவந்தது. அதன்பின் நாடகமேடைகள் பல வெண்திரைக்கு இடங்கொடுத்து ஒதுங்கின. 1930-களில் ராயல் ஆப்பெரா ஹவுஸும் நிலையான படமாளிகையாயிற்று. 1952-இல் கோண்டல் நாட்டு மகாராஜா குடும்பத்தார் அதனை விலைக்கு வாங்கினர்.

பேசும்படம் வந்ததும் இத்தகைய மாளிகைகளின் உடலமைப்பு மாறியது. இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். மனிதக் குரலைத் திருப்பியனுப்பி வளர்ப்பதற்காக அமைந்த கடினமான சுதைச்சுவர், ஒலிபெருக்கியின் பேரொலியையும் அவ்வாறே திருப்பியனுப்பும். அதனால் எதிரொலி எழுந்து உரையாடல் குழம்பும். எனவே பழைய நாடகமாளிகைகளைப் படத்துக்கு மாற்றியோர் சுவரிலே பலகையும் துணியும் அறைந்தனர். வெண்திரையைப் பக்கவாட்டிலிருந்து காண இயலாதாகையால் மாடச் சிற்றறைகள் பயனற்றுப்போயின. இசைக்குழுவுக்கு வேலை இல்லாமற் போகவே அவர்கள் பள்ளமும் வேண்டாததாயிற்று. ராயல் ஆப்பெரா ஹவுஸிலும் சிற்றறைகள் அகற்றப்பெற்றன, பள்ளம் மூடப்பெற்றது, பழைய அணிவேலையிற் பெரும்பகுதி மறைந்தது. இம்மாற்றங்களைக் கொலை என்று பழித்தல் தகாது. அவை இராவிடில் அம்மாளிகை வருவாயின்றி அப்போதே விழுந்திருக்கும்.

இவ்வாறு ஏறத்தாழ 60 ஆண்டுகள் படத்தால் வாழ்ந்த மாளிகையைக் காலம் மீண்டும் சோதித்தது. தொலைக்காட்சியும் வீடியோவும் வீட்டுக்குள் நுழைந்தன. ஆயிரம் இருக்கைகளில் நூறு நிரம்பினாலும் ஆயிரத்துக்குரிய விளக்கும் வரியும் பணியாளர் ஊதியமும் குறைவதில்லை. நகர நடுவிலுள்ள நிலத்தின் விலையோ நாள்தோறும் ஏறியது. 1993-இல் ராயல் ஆப்பெரா ஹவுஸ் மூடப்பெற்றது.

பூட்டிய கட்டடத்தை அழிக்கப் பகைவர் வேண்டுவதில்லை. மழை ஒன்றே போதும். கூரையிலே ஓடொன்று நழுவினால், ஆளிருக்கும் வீட்டில் மறுநாள் சரிசெய்வர். ஆளில்லா வீட்டிலோ அத்துளை வழியே மூன்று மாத மழை இறங்கும். உத்திரம் இற்றுப்போகும், சுவருள் இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும், பறவை எச்சத்தில் வந்த ஆல விதை வெடிப்பில் வேரூன்றும். ராயல் ஆப்பெரா ஹவுஸின் நிலையும் இத்தகையதே ஆயிற்று. 2012-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அதனை இடருற்ற மரபுச்சின்னங்களின் வரிசையிற் சேர்த்தது.

கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா என்னும் அம்மையாரின் மேற்பார்வையிற் செப்பனிடும் வேலை பல ஆண்டுகள் நடைபெற்றது. இத்தகைய வேலை எம்முறையில் நடைபெறும் என்பதனை அறிதல் நலம். முதலில் செய்வது கட்டுதலன்று, கேட்டறிதல். பழைய புகைப்படங்களைத் தேடுவர். மேலே ஒட்டிய பலகையைக் கழற்றி அடியில் எஞ்சியதைக் காண்பர். ஒன்றன்மேலொன்றாய்ப் பூசிய வண்ணங்களைக் கவனமாகச் சுரண்டி முதல் வண்ணத்தை அறிவர். இரண்டாவது, நீரை நிறுத்துவர்; கூரை ஒழுகுமளவும் உள்ளே தீட்டும் பொன்வேலை வீண். மூன்றாவது, தளர்ந்த உத்திரங்களுக்கும் மாடங்களுக்கும் வலிமை ஊட்டுவர். இவையெல்லாம் முடிந்த பின்னரே சுதையும் வண்ணமும் கண்ணாடியும். ராயல் ஆப்பெரா ஹவுஸில் பழைய படங்களைத் துணைக்கொண்டு மாடச் சிற்றறைகள் மீண்டும் அமைக்கப்பெற்றன. இசைக்குழுவின் பள்ளம் திறக்கப்பெற்றது. குவிமாட ஓவியம் ஒளிபெற்றது.

பழஞ்சுவரைப் பழுதுபார்க்கச் சிமிட்டியே வலியது என்று பலர் கருதுவர். இக்கருத்துப் பிழையுடையது. சுண்ணாம்புக் காரையாற் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சிமிட்டி பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி உப்பாய்ப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரிற் சுண்ணாம்பைக் குழைத்து, நாட்கணக்கில் புளிக்கவைத்து அரைக்கும் முறையை நம் கொத்தர்கள் வழிவழியாக அறிந்திருந்தனர். அம்முறையை அறிந்த கைகள் இன்று சிலவே. ஆதலின் ஒரு பழங்கட்டடத்தைச் செப்பனிடுதல் ஒரு தொழிலையும் உயிர்ப்பித்தலாகும். இளைஞனொருவன் முதியவரிடம் கற்பதற்கு அதனினும் சிறந்த பள்ளி இல்லை.

2016-ஆம் ஆண்டு அக்டோபரில் மாளிகை மீண்டும் திறக்கப்பெற்றது. பம்பாயில் பிறந்த பாடகி பட்ரீஷியா ரொஸாரியோ அம்மையார் மேனாட்டு இசைநாடகப் பாடல்களைப் பாடினார். அதே நாட்களில் மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்கமும் அங்கேயே நிகழ்ந்தது. முன்னர் வீட்டுத் தலைவனாயிருந்த படம் இப்போது விருந்தினனாய் வந்தது என்க. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருதுகளுள் ஒன்று இவ்வேலைக்குக் கிடைத்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இம்மாளிகை இசைநாடகத்துக்கு உழைத்தது சில ஆண்டே. படத்துக்கு உழைத்தது 60 ஆண்டு. செப்பனிட்டோரோ படக்காலத்து மாற்றங்களை நீக்கி 1912-ஆம் ஆண்டின் உருவையே மீட்டனர். இருக்கைகளும் முன்னையினும் குறைந்து இன்று ஏறத்தாழ 575 ஆயின. எந்தக் காலத்து உருவம் உண்மை உருவம்? பழமையானதே உண்மை என்பது எளிய விடை; ஆனால் அது முழு விடை ஆகாது. மும்பையிலேயே 1938-இல் திறந்த ஈராஸ் படமாளிகையின் கதை வேறு. அதன் புறவடிவம் காக்கப்பெற்றது. உள்ளேயோ ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்த கூடம் ஏறத்தாழ 300 பேருக்குரிய புதுமுறைப் பெருந்திரைக் கூடமாகி 2024-இல் திறக்கப்பெற்றது. முன்னது உருவைக் காத்துத் தொழிலை மாற்றியது. பின்னது தொழிலைக் காத்து உள்ளுருவை மாற்றியது. முழுவதையும் காத்தல் இரண்டிடத்தும் இயலவில்லை.

கட்டடஞ் செப்பனிடுவோர் மூங்கிலாலும் கயிற்றாலும் கட்டும் ஏறுமேடைக்குச் சாரம் என்று பெயர். ஒரு பொருளின் உட்பிழிவுக்கும் சாரம் என்றே பெயர். எம் ஊரின் பெயரும் அதுவாகவே, இச்சொல் எம் சிந்தனையை இழுத்தது. ஏறுமேடையாகிய சாரம் வேலை முடிந்ததும் பிரிக்கப்படும். உட்பிழிவாகிய சாரம் நிலைத்தல் வேண்டும். படமாளிகை ஒன்றின் உட்பிழிவு யாது? எம் கருத்தின்படி, முன்பின் அறியாத பலர் ஒரு கூரையின்கீழ்க் கூடி ஒன்றையே கண்டு ஒருங்கே நகுதலும் அழுதலுமாம். அந்நிகழ்ச்சிக்கு இடந்தரும் வரையில், மேடையில் நிற்பது பாடகியாயினும் திரையில் ஓடுவது படமாயினும், அம்மாளிகை உயிருடையதே. பொன்முலாம் முழுவதும் மீண்டும், கதவு பூட்டிக் கிடந்தால் அஃது அழகிய பிணமே.

இனி நம் பக்கத்தை நோக்குவோம். சென்னை எலக்ட்ரிக் தியேட்டரை 1915-இல் தபால் இலாகா வாங்கிற்று. அக்கட்டடம் அண்ணா சாலை அஞ்சலகத்தின் ஒரு பகுதியாய் அஞ்சல்தலைச் சேகரிப்போர்க்கு உதவி வந்தமையால் நூற்றாண்டு கடந்து நின்றது. வேறு தொழில் கிடைத்ததே அதன் நல்லூழ். வின்சென்டின் வெரைட்டி ஹால், டிலைட் என்னும் பெயருடன் நெடுங்காலம் நடைபெற்று, நூற்றாண்டு கடந்தபின் இடிக்கப்பெற்றது. மதுரையில் 1952-இல் ‘பராசக்தி’ படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர் 2,563 இருக்கைகள் கொண்டு, ஆசியாவிற் பெரியது என்று பேசப்பெற்றது. அதுவும் 1990-களில் மூடப்பெற்றுப் பின் இடிக்கப்பெற்றது. அவ்விடத்தில் துணிக்கடை எழுந்தது.

புதுச்சேரியிலும் இதற்கொப்பான பாடம் ஒன்றுண்டு. கடற்கரையிலே பிரெஞ்சுக்காரர் காலத்தில் எழுந்த நகராட்சி மாளிகையாகிய மேரி கட்டடம், நெடுநாள் பழுதுற்றிருந்து, 2014 நவம்பர் மாத மழையில் இடிந்து விழுந்தது. பின்னர்ப் பழைய உருவத்திலேயே மீளக் கட்டப்பெற்று 2021-இல் திறக்கப்பெற்றது. இன்று கடற்கரையில் உலாவுவோர் அதனைக் கண்டு மகிழ்கின்றனர், யாமும் மகிழ்கின்றோம். எனினும் விழுந்தபின் எழுப்பியது உருவத்தை மட்டுமே தரும். பழைய கொத்தன் கைபட்ட சுதையை எவராலும் திருப்பித் தர இயலாது. விழுமுன் தாங்கினால் இரண்டும் கிடைத்திருக்கும்.

ஏழைகள் மலிந்த நாட்டிலே களியாட்ட மாளிகைக்குப் பொருள் செலவிடலாமா என்று வினவுவோர்க்கு யாம் கூறுவது இது. எல்லாக் கொட்டகைகளையும் காத்தல் இயலாது, வேண்டுவதும் இன்று. சிறந்தவை சிலவற்றை, அவற்றின் உரிமையாளர்க்கு நட்டம் நேராவண்ணம், பகலில் பள்ளி விழாவுக்கும் மாலையில் நாடகத்துக்கும் இசைக்கும் படத்துக்கும் பயன்படுத்தினால், அவை தம் செலவில் ஒரு பகுதியையேனும் தாமே ஈட்டும். காத்தற்கரியன மிகப்பல, அவற்றுக்கும் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எழுதிவைத்தலே அது. தமிழ் கற்கும் மாணவராகிய நாம் பழஞ்சுவடியைத் தேடிப் பதிப்பித்த பெரியோரைப் போற்றுகின்றோம். கொட்டகையும் ஒரு சுவடியே. விடுமுறை நாட்களில் நம் ஊர்ப் பழங்கொட்டகைக்குச் சென்று நீள அகலத்தை அளந்து, முகப்பைப் படம்பிடித்து, படக்கருவி ஓட்டிய முதியவரையும் சீட்டுக் கொடுத்தவரையும் கண்டு அவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே குறித்துவைப்போமாக. தரைச் சீட்டின் விலை, இடைவேளையில் விற்ற தின்பண்டம், படம் அறுந்தபோது மக்கள் எழுப்பிய ஓசை ஆகிய இவற்றையெல்லாம் அறிந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பம்பாய் மாளிகையை மீட்டோர்க்குப் பழைய புகைப்படங்கள் வழிகாட்டின. நாளை நம் ஊரில் ஒரு மாளிகையை மீட்க முன்வருவோர்க்கு வழிகாட்ட, இன்று நாம் குறித்துவைக்கும் அளவும் சொல்லும் இருத்தல் வேண்டும்.